ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிறவர் பைக் வாங்குவது எப்படி: தார் ரோட்டுக்கும் மண் ரோட்டுக்கும் ஒரே வண்டி

சித்தப்பா மகன் மதுரையிலிருந்து போன் செய்தான். சிட்னியில் வேலை கிடைத்துவிட்டது, விசா கையில் வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. குடும்பச் செய்தியெல்லாம் பேசி முடித்தபின், தன் ராயல் என்ஃபீல்டு பைக்கைப் பற்றிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "அண்ணே, ஹிமாலயனைக் கப்பல்ல ஏத்திரட்டுமா?"

"ஏத்தாதடா" என்றேன்.

"ஏண்ணே?"

அந்த ஒற்றை 'ஏண்ணே'வுக்குப் பதில் சொல்லி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அவனிடம் சொன்னதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். வாரநாளில் ஆபீஸுக்குத் தார் ரோட்டில், சனிக்கிழமை காட்டுக்குள் மண் ரோட்டில் என்று ஒரே வண்டியை வைத்து ஓட்ட நினைப்பவர்களுக்கு இது. இந்த வகை வண்டிகளில் எடை குறைந்ததை டூயல் ஸ்போர்ட் என்பார்கள்; பெரிய டேங்க், காற்றுத் தடுப்புக் கண்ணாடி, பெட்டி எல்லாம் சேர்ந்து கனத்துப்போனால் அட்வென்சர் பைக். இரண்டுக்கும் நடுவில் தெளிவான எல்லைக்கோடு கிடையாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். நம் ஊரில் வண்டி சாய்ந்தால் டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருத்தர் ஹேண்டில்பாரைப் பிடிப்பார், ஒருத்தர் பின்னால் தூக்குவார், இன்னொருத்தர் "பாத்து வரக்கூடாதா தம்பி" என்பார். இங்கே சிட்னிக்கு வடக்கே வாட்டகன்ஸ் காட்டுக்குள் என் வண்டி சாய்ந்தபோது சுற்றிலும் யூக்கலிப்டஸ் மரங்கள் மட்டும்தான். அரை மணி நேரம் யாரும் வரவில்லை. உள்நாட்டுப் பாதைகளில் அரை நாள்கூட யாரும் வராமல் போகலாம். வண்டி தேடும்போது இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் வண்டியை ஊரிலேயே விற்றுவிடுங்கள்

ஆஸ்திரேலியாவுக்குள் வண்டி கொண்டுவருவதற்கு 2018-ஆம் ஆண்டின் சாலை வாகனத் தரச் சட்டம் இருக்கிறது. 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. சொந்த வண்டியைக் கொண்டுவரும் வழியில் வருவதானால், வெளிநாட்டில் குறைந்தது 12 மாதம் அதை நீங்கள் வைத்திருந்து ஓட்டியிருக்க வேண்டும். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் கப்பலில் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டு விண்ணப்பித்தால், துறைமுகத்தில் வண்டி கிடக்கும் நாளுக்கெல்லாம் வாடகை கட்டுவது நீங்கள்தான்.

அப்புறம் மண். செயினுக்குப் பின்னால், மட்கார்டுக்கு அடியில், ரேடியேட்டர் இடுக்கில் ஒட்டியிருக்கும் மண்ணும் விதையும் இந்த நாட்டின் உயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஆகவே ஆகாது. கழுவச் சொல்வார்கள், அந்தச் செலவும் நம் தலையில்தான். சரக்குக் கூலி, 10 சதவீத ஜிஎஸ்டி, சோதனை, பதிவு என்று கூட்டிப் பாருங்கள். ஹிமாலயன் மாதிரி இங்கேயே ஷோரூமில் விற்கும் வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. அப்பா ஓட்டிய பழைய புல்லட், வேறெங்கும் கிடைக்காத வண்டி என்றால் பேச்சு வேறு. அதற்குக் கணக்குப் பார்க்க முடியாது.

தம்பி தன் ஹிமாலயனை விற்றுவிட்டு அழாத குறையாகப் படம் அனுப்பினான். சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் பிறந்த அதே வண்டி சிட்னியின் பாரமட்டாவிலும் நிற்கிறது, கவலைப்படாதே என்றேன்.

லைசன்ஸ்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்கும், நீங்கள் அல்ல

கிளம்புவதற்கு முன் ஊரில் முடிக்க வேண்டியவை இரண்டு. ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். அது ஒரு வருடம் செல்லும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு உங்களுக்கு முதன்முதலில் எந்தத் தேதியில் உரிமம் கிடைத்தது என்பதைக் காட்டும் சான்றையும் எடுத்து வையுங்கள். இத்தனை வருடமாக ஓட்டுகிறேன் என்று வாயால் சொன்னால் இங்கே எடுபடாது, காகிதம் வேண்டும். கார் லைசன்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு பத்து வருடம் பைக் ஓட்டிய ஆட்களை எனக்குத் தெரியும். இங்கே அவர்கள் புதுசாகக் கற்றுக்கொள்பவர்கள்தான்.

சில நாடுகளின் லைசன்ஸை ஆஸ்திரேலிய மாநிலங்கள் தேர்வில்லாமல் மாற்றித் தருகின்றன. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். எத்தனை மாதத்துக்குள் மாற்ற வேண்டும் என்பது உங்கள் விசாவையும் பொறுத்தது. போய் இறங்கிய வாரமே அந்த மாநிலப் போக்குவரத்துத் துறையின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் 2012-இல் செய்ததைக் கேட்டு நடக்காதீர்கள்.

அடுத்து லாம்ஸ் எனும் கற்பவர் வண்டிப் பட்டியல். புதிதாக லைசன்ஸ் எடுப்பவர்கள் இந்தப் பட்டியலில் இருக்கும் வண்டியைத்தான் ஓட்டலாம். என்ஜின் 660 சிசிக்கு மேல் போகக் கூடாது. எடைக்கேற்ற சக்தி டன்னுக்கு 150 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. வண்டி எடையோடு ஓட்டுபவருக்கென்று 90 கிலோ சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஹிமாலயன் 450-ஐ எடுத்துக்கொள்வோம். சக்தி ஏறக்குறைய 29 கிலோவாட், எடை 196 கிலோ. 90 சேர்த்தால் 286. வகுத்தால் டன்னுக்கு நூற்றுச் சொச்சம் வரும், தாராளமாகத் தேறுகிறது. யமஹா டெனெரே 700-க்கு என்ஜினே 689 சிசி. முதல் கட்டத்திலேயே வெளியே. ஆனால் நீங்களாகக் கணக்குப் போட்டு முடிவெடுக்க வேண்டாம். ஒப்புதல் பெற்ற வண்டிகளின் பட்டியலை அரசே வெளியிடுகிறது, மாடல் பெயரை அதில் தேடிப் பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.

நியூ சவுத் வேல்ஸில் கற்பவர் லைசன்ஸில் மணிக்கு 90 கி.மீ. வரைதான் போகலாம், பின்னால் ஆளை ஏற்றக் கூடாது. கல்யாணமான கையோடு வருபவர்கள் இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நிற்கும் கார்களுக்கு நடுவே புகுந்து போவதற்கு 2014 ஜூலை முதல் இங்கே அனுமதி உண்டு, 30 கி.மீ. வேகத்துக்குள். அதுவும் முழு லைசன்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும். சிக்னலில் சந்து கண்டதும் நம் கை தானாக ஆக்சிலேட்டரைத் திருகும். அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மூன்று மாதம் எதுவும் வாங்காதீர்கள்

இது யாருக்கும் பிடிக்காத ஆலோசனை. வந்த இரண்டாம் வாரம் வண்டி வாங்கியவன் நான், அதனால் சொல்கிறேன்.

வந்தவுடன் நமக்குத் தெரிந்த ஆஸ்திரேலியா வீடியோவில் பார்த்த ஆஸ்திரேலியாதான்: சிவந்த மண், நேர்க்கோட்டில் ஓடும் பாதை, நடுவில் ஒரு கங்காரு. இந்த நாட்டுச் சாலைகளில் பாதிக்கு மேல் தார் காணாதவை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் டூங்காபி, வென்ட்வொர்த்வில் மாதிரி சிட்னிப் புறநகர் ஒன்றில் குடியிருப்பீர்கள். அந்தச் செம்மண்ணுக்குப் போக ஒன்றிரண்டு நாள் தார் ரோட்டிலேயே ஓட்ட வேண்டும். வாராவாரம் போகக்கூடிய மண் ரோடு எது? சிட்னிக்காரருக்கு வாட்டகன்ஸ் காடு, மெல்பர்ன்காரருக்கு விக்டோரியாவின் மலைநாடு. அங்கே ஜல்லி, களிமண், மரவேர், திடீர்ச் சரிவு. உள்நாட்டிலோ அலை அலையாக மடிந்து கிடக்கும் கெட்டி மண், மணல், புல்டஸ்ட் என்று சொல்லப்படும் பவுடர் போன்ற புழுதி. இரண்டுக்கும் வேறு வேறு வண்டி. வருடத்தில் ஐம்பது வாரம் முதல்வகைப் பாதையில் ஓட்டப் போகிறவர், மீதி இரண்டு வாரத்துக்காக 250 கிலோ வண்டி வாங்கி மாட்டிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அதே தப்பைத்தான் செய்தேன்.

அந்த மூன்று மாதத்தில் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து ஒரு வாரக்கடைசி ஓட்டிப் பாருங்கள். அபார்ட்மெண்டில் பைக் நிறுத்த இடம் உண்டா, மண் அப்பிய வண்டியைக் கழுவ விடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல அபார்ட்மெண்டுகளில் விடமாட்டார்கள்.

எடையும் காலும்

ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ. இந்த இரண்டையும் தள்ளிய அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும் என்பதால், இதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

ஹோண்டா சிஆர்எஃப் 300 எல் 142 கிலோ. அதன் ராலி மாடல் 153. சுஸுகி டிஆர் 650 166. ஹிமாலயன் 450 196. கவாஸாகி கேஎல்ஆர் 650 208-ஐ ஒட்டி வரும். வீடியோக்களில் வரும் பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249. இவை எல்லாம் பெட்டி, கூடாரம், தண்ணீர், உடுப்பு ஏற்றாத கணக்கு. கிளாசிக் 350-ஐ சென்டர் ஸ்டாண்ட் போடவே மூச்சு வாங்குகிற ஆள் என்றால் 200 கிலோவைத் தாண்டும் எதையும் மண் ரோட்டுக்கு நினைக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. நண்பர் யாரிடமாவது இதே எடையில் பைக் இருந்தால், புல்தரையில் மெதுவாகப் படுக்கப் போடச் சொல்லுங்கள். ஷோரூமில் கேட்டால் துரத்துவார்கள். என்ஜினை நிறுத்துங்கள். பெட்ரோல் குழாய்த் திருகு இருக்கும் பழைய மாடல் என்றால் அதை மூடுங்கள். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே வெளியே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய்ச் சாயும். முதல் கியரில் போடுங்கள், சக்கரம் உருளாது. ஹேண்டில்பாரைக் கடைசி வரை திருப்பி, தரையில் கிடக்கும் பக்கத்துப் பிடியை ஒரு கையாலும் சீட்டுக்கு அடியில் பிரேமையோ கிராப் ரெயிலையோ மறு கையாலும் பிடியுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டில் அண்டக் கொடுத்து, காலால் உந்திப் பின்னோக்கிச் சிறுசிறு அடியாக நடக்க வேண்டும். முதுகால் தூக்கினால் அடுத்த மூன்று வாரம் பிசியோதெரபி. இப்படி மூன்று தடவை தொடர்ந்து தூக்க முடிந்தால் அந்த எடை உங்களுக்குச் சரி. முதல் தடவை யாராலும் முடியும். காட்டில் ஒரே நாளில் நாலாவது தடவை விழும்போதுதான் தெரியும்.

உயரத்துக்கு வருவோம். நான் ஐந்தடி ஐந்து அங்குலம். டிஆர் 650-இன் சீட் 885 மில்லிமீட்டர் உயரம். முதன்முதலில் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு கால் விரல்களும் தரையைத் தேடின. ஆனால் காகிதத்தில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சிஆர்எஃப் 300 எல்லும் 880-ஐ ஒட்டித்தான். அதன் சாக்கப்சர் மென்மையானது, ஏறி உட்கார்ந்ததுமே நன்றாக இறங்கிக் கொடுக்கும். சீட்டும் ஒடுக்கம். டிஆர் 650-இல் கம்பெனியே 845-க்கு இறக்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறது. ஹிமாலயன் 450-இல் சீட்டையே 825, 845 என்று இரண்டு நிலையில் மாற்றலாம். சிஎஃப் மோட்டோ 450 எம்டி 820.

இரண்டு பாதமும் தட்டையாகப் பதிய வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். இடுப்பைச் சீட்டில் ஒரு பக்கம் நகர்த்தி ஒற்றைக் காலை ஊன்றப் பழகிவிட்டால் போதும். மேடும் பள்ளமுமான இடத்தில் எந்தப் பக்கம் கால் ஊன்றுவது என்று நிறுத்தும் முன்பே முடிவு செய்யும் பழக்கம் வந்துவிடும். சீட்டைச் செதுக்கி, சாக்கப்சர் லிங்க்கை மாற்றி வண்டியை மேலும் மேலும் தாழ்த்துகிறவர்கள் கல்லில் அடிப்பகுதி இடித்து வருவார்கள்.

டேங்க் கணக்கு

வாய்ப்பாடு வைத்துக் கணக்குப் போட்டே தீர வேண்டிய இடம் இது. பர்ட்ஸ்வில் பாதையை எடுத்துக்கொள்வோம். தென் ஆஸ்திரேலியாவில் மாரியில் தொடங்கி குயின்ஸ்லாந்து எல்லை தாண்டி பர்ட்ஸ்வில் வரை 517 கி.மீ. இடையில் முங்கரானியில் மட்டும் பெட்ரோல். மாரியிலிருந்து முங்கரானி ஏறக்குறைய 205 கி.மீ.; அங்கிருந்து பர்ட்ஸ்வில் 310-க்கு மேல். மதுரையிலிருந்து கிளம்பி விழுப்புரத்தையும் தாண்டும் தூரம், நடுவில் ஒரு பங்க் இல்லை, ஒரு பரோட்டாக் கடையும் இல்லை.

சிஆர்எஃப் 300 எல்லுக்கு 7.8 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 30 கி.மீ. கொடுத்தாலும் 234-இல் நின்றுவிடும். ராலி மாடலுக்கு 12.8 லிட்டர், அதே மைலேஜில் 384 கி.மீ., போதும். டிஆர் 650-க்கு 13 லிட்டர், லிட்டருக்கு 20 என்றால் 260, போதாது. ஹிமாலயன் 450-க்கு 17 லிட்டர், 25 கொடுத்தாலே 425. கேஎல்ஆருக்கு 23 லிட்டர். அந்த டேங்கைப் பார்த்துத்தான் அதை வாங்குகிறார்கள்.

வந்த எண்ணில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். மணலும் எதிர்காற்றும் சுமையும் அவ்வளவைத் தின்றுவிடும். அப்படிக் கழித்தால் ராலியின் 384 வெறும் 307 ஆகிறது, முங்கரானியில் ஐந்து லிட்டர் கேனில் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். டிஆர் 650-க்குப் பெரிய டேங்க் வெளியில் வாங்கி மாட்டலாம், 20 லிட்டர், 30 லிட்டர் வரைகூடக் கிடைக்கும். ஆனால் பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. 30 லிட்டர் என்றால் 22 கிலோ, அதுவும் உயரத்தில். மேலே தூக்கிப் பார்த்த கணக்கில் அதையும் சேர்க்கணும்.

வாரக்கடைசியில் காட்டுக்குப் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிறவருக்கு இந்தப் பகுதியே தேவையில்லை. எட்டு லிட்டர் டேங்க் தாராளம்.

சரி, எந்த வண்டிதான் அண்ணே?

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தம்பி பொறுமை இழந்து கேட்டது இது.

மண் ரோடு முக்கியம், கால் குட்டை, தனியாகப் போவேன் என்றால் சிஆர்எஃப் 300 எல் அல்லது ராலி. 27 குதிரைச் சக்திதான். 110 கி.மீ. வேக நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வந்து நின்றால் ஒதுங்க வேண்டியிருக்கும், ஆனால் மண்ணில் இறங்கியதும் அந்த மனவருத்தமெல்லாம் போய்விடும்.

எதையும் நானே பழுது பார்ப்பேன், கார்புரேட்டருக்கும் காற்றுக் குளிர்ச்சிக்கும் பயப்படமாட்டேன் என்றால் டிஆர் 650. 1996-இலிருந்து பெரிய மாற்றம் இல்லாமல் வருவதால் அதில் எது எப்போது போகும் என்பது உலகத்துக்கே தெரியும். நியூட்ரல் சுவிட்சைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டித் திருகுகள் தளர்ந்து என்ஜினுக்குள் விழக்கூடும் என்பது அப்படித் தெரிந்த ஒன்று. வாங்கியதும் கிளட்ச் பக்கத்தைத் திறந்து கம்பி போட்டுக் கட்டுகிறார்கள் அல்லது பசை வைத்து முறுக்குகிறார்கள். பழைய கேஎல்ஆரில் பேலன்சர் செயின் இறுக்கும் நெம்புகோல் உடைவது இன்னொன்று. இதை விற்பவரிடம் கேளுங்கள். "மாற்றியாச்சு" என்று பில்லைக் காட்டுகிறவர் வண்டியைப் பார்த்துக்கொண்டவர்.

தார் ரோடு முக்கால்வாசி, மண் ரோடு கால்வாசி, கொஞ்சம் சௌகரியமும் வேண்டும் என்றால் ஹிமாலயன் 450 அல்லது சிஎஃப் மோட்டோ 450 எம்டி. இரண்டுமே முன்சக்கரம் 21 அங்குலம். பள்ளத்தில் உருண்டு ஏறும். ஹிமாலயன் நமக்குக் கைப்பழக்கம். சிஎஃப் மோட்டோவின் இரட்டை சிலிண்டர் நெடுஞ்சாலையில் அதிர்வில்லாமல் போகும்.

பிஎம்டபிள்யூவின் பெரிய ஜிஎஸ் வேண்டும் என்று ஆசை இருந்தால் முழு லைசன்ஸ் வரட்டும், அதற்குள் இங்கே இரண்டு குளிர்காலம் பார்த்திருப்பீர்கள். ஆசை அப்போதும் இருந்தால் வாங்குங்கள்.

ஒரு விஷயம் புதிதாக வருபவர்கள் கண்ணில் படாது. உள்நாட்டுச் சிற்றூர்களில்கூட யமஹா, ஹோண்டா, சுஸுகி கடைகள் இருக்கின்றன. காரணம் விவசாயம். ஆடு மாடு மேய்க்க ஏஜி 200 மாதிரியான பண்ணை பைக்குகளை வாங்குவது அந்தக் கடைகளில்தான். ஆயில் ஃபில்டர், செயின், டியூப், கிளட்ச் கேபிள் அங்கே கிடைக்கும். மற்ற கம்பெனி வண்டிக்கு அந்த ஊர்களில் ஆள் தேட வேண்டும். லிவர், கேபிள், டியூப் எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும். உள்நாட்டுப் பயணமே பிரதானம் என்றால் ஜப்பான் வண்டிப் பக்கம் சாய்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது

முதல் வண்டி பழசாக இருக்கட்டும், எப்படியும் கீழே போடத்தான் போகிறீர்கள்.

நான் முதலில் பார்த்த வண்டி தேய்த்து மினுமினுவென்று நின்றது. விற்றவர் நல்ல மனுஷராகத்தான் பேசினார். ஒரு தட்டுத் தட்டியதும் கிளம்பியது, வாங்கிவிட்டேன். மறுநாள் காலையில் பத்து நிமிடம் உதைபட்டது. நான் போவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. போனிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் முதல் வேலை என்ஜின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பது.

பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்து ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் இறுக்கம், தொப்பென்று கேட்டால் தளர்வு. ரிம்மில் கல் அடித்த நெளிவு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் பேரிங் போய்விட்டது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கூடாது. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம், கொக்கி போல் வளைந்த ஸ்ப்ராக்கெட் பற்கள், இவை பேரம் பேச உதவும். அடித்தகட்டில் கீறல் இருந்தால் பயப்படாதீர்கள், வண்டி வேலை பார்த்திருக்கிறது என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு உட்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள். அங்கே சிவப்புப் புழுதி ஒட்டினால், அந்தப் புழுதி பிஸ்டன் வரை போயிருக்கிறது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

காகிதம். பிரேமில் அடித்திருக்கும் 17 எழுத்து வின் நம்பரும் (வண்டியின் அடையாள எண்) பதிவில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் அந்த நம்பரைப் போட்டால், இரண்டு டாலருக்கு, வண்டி மேல் கடன் பாக்கி, திருட்டுப் புகார், விபத்தில் கழித்துக் கட்டிய வரலாறு எல்லாம் வந்துவிடும். முந்தைய ஆள் கட்டாத கடனுக்கு உங்கள் வண்டியை எடுத்துப் போவார்கள் என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது. அதிகாரபூர்வ தளத்திலேயே செய்யுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு.

நியூ சவுத் வேல்ஸில் வாங்கிய 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும், முத்திரை வரி உண்டு. ஐந்து வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு வருடாவருடம் பிங்க் ஸ்லிப் எனும் தகுதிச் சோதனை. கட்டாய இன்ஷூரன்ஸான கிரீன் ஸ்லிப் ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டும். நம் ஊர் தேர்ட் பார்ட்டி மாதிரி நினைத்துக்கொண்டு நிறுத்தியிருக்கும் ஆடி காரில் இடித்துவிட்டால் முழுப் பணமும் உங்கள் கையிலிருந்துதான். சொத்துச் சேதத்துக்குத் தனி இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். விக்டோரியாவில் விற்பவர் தகுதிச் சான்று தர வேண்டும், குயின்ஸ்லாந்தில் நடைமுறை வேறு.

தலைக்கும் உயிருக்கும்

ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் உள்ள ஹெல்மெட் இங்கே செல்லாது. ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரம் 1698 அல்லது ஐரோப்பியத் தரமான இசிஇ 22.05, 22.06 முத்திரை வேண்டும். இந்தியக் கம்பெனிகளே இசிஇ தரத்தில் செய்து விற்கின்றன. உள்ளே இருக்கும் முத்திரையைப் பார்த்து வாங்கினால் ஊரிலிருந்தே கொண்டுவரலாம். ஜாக்கெட்டும் பேண்டும் இங்கே வாங்குங்கள். மோட்டோகேப் என்ற அமைப்பு உடைகளைச் சோதித்து நட்சத்திர மதிப்பெண் தருகிறது, இலவசமாகப் பார்க்கலாம். விலை கூடியதெல்லாம் அதில் தேறுவதில்லை. கணுக்கால் மூடிய பூட்ஸுக்குக் காசு பார்க்காதீர்கள். சாய்கிற வண்டி முதலில் பிடிப்பது கணுக்காலைத்தான்.

தனியாகப் போவதானால் பிஎல்பி என்ற அபாயச் சமிக்ஞைக் கருவி ஒன்றை வாங்கி ஜாக்கெட் பைக்குள் வையுங்கள், வண்டிப் பெட்டிக்குள் வேண்டாம். வண்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் கிடக்கும்போதுதான் அது தேவைப்படும். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும், மாதச் சந்தா கிடையாது. கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்துவிட வேண்டும். போன் சிக்னல் உள்நாட்டில் ஊரோடு சரி.

விடியலிலும் அந்தி சாயும் நேரத்திலும் ஓட்டாதீர்கள், கங்காருக்கள் ரோட்டுக்கு வரும் நேரம். உள்நாட்டு நெடுஞ்சாலையில் 53.5 மீட்டர் நீளம் வரை ரோடு டிரெயின் லாரிகள் வரும். முந்த நினைக்கும் முன் எதிரே கண்ணுக்கெட்டும் தூரம் வரை காலியா என்று பார்த்துவிட்டு, காலியாக இருந்தாலும் யோசியுங்கள்.

வேறு நாடு என்றால்

வரிசை அதேதான், எண்கள் மாறும். நியூசிலாந்தில் லாம்ஸ் விதி இதையே ஒத்தது. பிரிட்டனில் ஏ2 லைசன்ஸுக்கு 35 கிலோவாட் உச்சவரம்பு. சிங்கப்பூரில் 2பி வகுப்புக்கு 200 சிசி, 2ஏவுக்கு 400 சிசி. அதோடு வண்டி வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய சிஓஇ எனும் உரிமைச் சான்று; அது வண்டி விலையையே மிஞ்சக்கூடும். மண் ரோடு வேண்டும் என்றால் எல்லை தாண்டி மலேசியா போக வேண்டும். கனடாவின் பெரும்பகுதியில் பனிக்காலம் முழுக்க வண்டி கராஜில் தூங்கும் என்பதால், அந்த ஐந்தாறு மாதத்துக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

தம்பி கடைசியில் ராலி ஒன்றைப் பழசாக வாங்கினான், நீலக் கறை படிந்த சீட்டோடு. வாங்கிய அன்று சாயங்காலம் டூங்காபியில் என் வீட்டுப் பின்புறப் புல்தரையில் படுக்கப் போட்டு, மூன்று தடவை தூக்கினான். மூன்றாவது தடவை, மேசை மேல் நிறுத்தியிருந்த போனில் வீடியோ காலில் இருந்த சித்தி கேட்டார்: "ஏண்டா, புது வண்டியை வாங்கின அன்னைக்கே கீழ போட்டுட்டியா?"

"பழகுறேம்மா" என்றான் மூச்சு வாங்க.